கலவன் என்று பிடுங்கிய நெல்

அந்த வருஷத்துப் புயலில் உப்பளத்தைத் தாண்டிக் கழியின் உப்புத் தண்ணீர் என் வயலுக்குள் புகுந்துவிட்டது. பத்து நாளில் பயிரெல்லாம் கருகியது. அங்கங்கே ஏழெட்டுக் குத்து நெல் மட்டும் பச்சையாக நின்றது.

ஒரே விதை என்றால் எல்லாம் ஒன்றாகத்தானே கருக வேண்டும்? அது என் வீட்டு விதை. வித்தியாசமாக ஒரு கதிர் தெரிந்தாலும் கலவன் என்று பிடுங்கி எறிந்து, வருஷா வருஷம் நானே எடுத்து வைப்பது. யாரோ வேறு நெல்லைக் கலந்திருக்கிறார்கள். நாற்றுவிட்ட அன்று பக்கத்து நிலத்துக்காரன் ஏன் அத்தனை நேரம் நின்றான்? விதையில் வேறு நெல் எப்படி வந்தது என்று மனைவியிடமும் கேட்டேன்.

"விதை மூட்டையைக் கட்டி வெச்சதே நான்தான். என்னையே சந்தேகப்படுறீங்களா?" என்றாள்.

வயலில் இறங்கினேன். பச்சைக் குத்து அத்தனையையும் பிடுங்கி மாட்டுக்குப் போட்டேன்.

அன்று சாயங்காலமே சேதம் விசாரிக்க விவசாய ஆபீசரம்மா வீட்டுக்கு வந்தார். "ஒரு குத்துகூடவா தப்பிக்கல? ஒரே விதைன்னாலும் சிலதுல உப்பைத் தாங்குற குணம் ஒளிஞ்சிருக்கும்ங்க. உப்பு பட்டாத்தான் தெரியும். அதுல விதை எடுத்தா அடுத்த புயலுக்கு நிக்கும்."

"ஒண்ணுகூட இல்லீங்க" என்றேன்.

அசைபோட்டுக்கொண்டிருந்த மாட்டையே பார்த்தாள் மனைவி.