கீழ் வலது கடைவாய்ப்பல்

யாராவது ஏதாவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் பேனா மூடியை ஒருமுறை கழற்றி மாட்டுவாள். பதினோரு வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து, பல் மருத்துவமனை டாக்டரம்மா அவளுக்கு ‘மூடி’ என்றே பெயர் வைத்துவிட்டார். வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, அடுத்த முறை வரவேண்டிய தேதியை அட்டையில் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. பேசுவதைவிடப் பார்ப்பதுதான் அதிகம். கன்னத்தில் கை வைத்திருக்கும் விதத்திலேயே சொத்தையா, ஈறு வீக்கமா என்று கண்டுபிடித்துவிடுவாள். வாய் திறந்து சொல்ல மட்டும் மாட்டாள்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பிறகு தனித்தேர்வு, தபால் வழிப் பட்டம் என்று தவணை முறையில் படித்து முடித்தாள். பொது சுகாதாரத்தில் மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்று அடுத்த ஆசை. அதற்கு நுழைவுத்தேர்வு உண்டு. கணக்குப் பகுதி எப்படியோ வசப்பட்டது. ஆங்கிலச் சொற்பகுதிதான் இரண்டு முறை காலை வாரிவிட்டது. காலையில் படித்த சொல் மத்தியானம் மாயமாகிவிடும்.

“பாத்திரம் கழுவும்போது நீ முணுமுணுக்கறதக் கேட்டா, யாருக்கோ சாபம் குடுக்கற மாதிரி இருக்குக்கா” என்றாள் தங்கை.

“இதுதான்டி கடைசி. இந்தத் தடவையும் போச்சுன்னா விட்டுடறேன்.”

அந்த வாரம் ஒருவர் வந்தார். தன் பல் வலித்த கதையை, முதல் பால்பல் விழுந்த நாளிலிருந்து ஆரம்பித்து முக்கால் மணி நேரம் சொன்னார். அவளுக்குச் சட்டென்று ஒரு சொல் நினைவுக்கு வந்தது. கரூலஸ், ஓயாமல் பேசுபவர். மறுநாளும் அது மறக்கவில்லை. அப்புறம் கேட்க வேண்டுமா? மருத்துவமனையின் பழைய தொலைபேசி எண் அச்சடித்த அட்டைகள் கட்டுக்கட்டாக வீணாய்க் கிடந்தன. அவற்றின் பின்பக்கம் சொல்லுக்கு ஓர் ஆளாக எழுதத் தொடங்கினாள். ஆள் பெயரைப் போடுவது முறையல்ல என்று பல்லை மட்டும் போட்டாள். ‘லகானிக், ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவர்: முன்பல் இரண்டு.’ ‘ஃபாஸ்டிடியஸ், எதிலும் குற்றம் கண்டுபிடிப்பவர்: பல் செட் அம்மா.’

தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தபோது, ஒரு நெரிசலான காலையில், புது அட்டை என்று நினைத்துத் தன் அட்டை ஒன்றில் தேதி எழுதிக் கொடுத்துவிட்டாள். வாங்கிப் போனவர் கார் ஓட்டக் கற்றுத் தரும் வாத்தியார். பல் பிடுங்க மூன்று முறை நாற்காலியில் உட்கார்ந்து, இயந்திரச் சத்தம் கேட்டதும், “வண்டிய வழியில நிறுத்திட்டேன்” என்று எழுந்து ஓடியவர்.

மறுநாள் கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது மேசை முன் வந்து நின்றார்.

“ஏம்மா, இந்தப் பக்கம் தேதி. சரி. அந்தப் பக்கம் என்ன? ‘புசிலானிமஸ், தொடைநடுங்கி: கீழ் வலது கடைவாய்ப்பல்.’ அது என்னோட பல்லுதானே?”

மூடியைக் கழற்றினாள். திரும்ப மாட்ட வரவில்லை.

“மன்னிச்சிடுங்க சார். அது... பரீட்சைக்கு.”

“எந்தப் பரீட்சையில என் பல்லப் பத்திக் கேக்கறாங்க?”

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, அட்டையை வாங்கிப் படித்தார்.

“தப்பா ஒண்ணும் எழுதலையே சார். மூணு தடவ ஓடினீங்களா இல்லையா?”

“பிரேக் எதுன்னே தெரியாதவங்க பக்கத்துல உக்காந்து முப்பது வருஷம் போயிருக்கேன். நானா தொடைநடுங்கி?” என்று விறுவிறுவென்று உள்ளே போனார். அரைமணி கழித்து, வாயில் பஞ்சோடு வெளியே வந்தார். அட்டையைத் தட்டி, மாற்று என்று சைகை காட்டினார். அவள் தன் ஆங்கிலச் சொல் புத்தகத்தைப் புரட்டி, ‘இன்ட்ரெபிட், எதற்கும் அஞ்சாதவர்’ என்று வேறொன்று எழுதிக் கொடுத்தாள். சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அவளுக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. அட்டைகளை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். பத்தே நாளில் சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன.

வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? ஊரெல்லாம் அட்டையைக் காட்டியிருந்தார். பல் செட் அம்மா வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

“எனக்கு என்ன வெச்சிருக்க? சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்.”

மென்று விழுங்கிச் சொன்னாள்.

“குத்தம் சொல்றவளா? நானா? முதல்ல, நீ அத உச்சரிக்கறதே சரியில்ல. ரெண்டாவது, இந்த மேசையில தூசி.”

கூடமே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். மறுபடி இழுப்பறை திறந்தது. அதன்பின் வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் சொல்லைக் கேட்டு வாங்கினார்கள். அடுத்தவர் சொல்லுக்குப் பொருள் கேட்டு அவளை மடக்கினார்கள். வேறு வழியில்லாமல் நாள் முழுக்கச் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

தேர்வு நாளில் கணினித் திரையில் சொற்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேவையான மதிப்பெண்ணைவிட இரண்டு கூடவே கிடைத்தது.

இப்போது அவள் மேற்படிப்பில் முதல் வருடம். வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனை, மூன்று நாள் வகுப்பு. அவள் வராத நாட்களில் டாக்டரம்மாவே அட்டை எழுதுகிறார். அந்தக் கையெழுத்தைப் படிக்க முடியாமல் பாதிப்பேர் தேதி மாறி வருகிறார்கள்.