வெள்ளைப் பெட்டிக் கட்சியும் கருப்புப் பெட்டிக் கட்சியும்

வீடியோ கேம் கடை நடத்துகிறவனுக்கு விளையாடத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரிந்தால் போதும். மருந்துக்கடையோ சலூனோ டீக்கடையோ, எந்தக் கல்லாவுக்குப் பின்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தாலும் சரி, இரண்டு வாடிக்கையாளர்கள் சண்டை போட்டுவிட்டு "நீங்க சொல்லுங்கண்ணே" என்று உங்கள் பக்கம் திரும்பியபோது கல்லாவில் சில்லறை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டதுண்டா? அப்படியென்றால் இது நம் ஆட்களுக்காக எழுதியது.

விளையாட வீடு போதும்

மதுரைப் பழங்காநத்தத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் என் கடை. முன்பு கேசட் வாடகைக்கு விட்டேன், அப்புறம் சிடி, அப்புறம் இது. யாரும் கற்றுத்தரவில்லை. கெட்டுப்போனதைத் திறந்து பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். இப்போது கடையில் புதிதாக வந்த இரண்டு கேம் பெட்டிகள் இருக்கின்றன, ஒன்று வெள்ளை, ஒன்று கருப்பு. கம்பெனிப் பெயரைச் சொன்னால் படிக்கிற உங்களுக்குள்ளேயே சண்டை வரும், அதனால் நிறத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வருகிறவர்கள் எல்லாம் மீசை நரைக்கத் தொடங்கியவர்கள். ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுப்பார்கள். ஐந்து நிமிடம் ஆடுவார்கள். திரையில் கதாநாயகன் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நிற்பான். மிச்ச நேரம் முழுக்க எந்தப் பெட்டியில் நிழல் நன்றாக விழுகிறது, எதில் தண்ணீர் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்ற வழக்குதான். ஒருநாள் மனது கேட்காமல், "நேரம் ஓடுதுப்பா, விளையாடலையா?" என்று கேட்டுவிட்டேன். கூரியர் ஆபீசில் வேலை பார்க்கும் பாண்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"விளையாட வீடு போதும்ணே. பேசத்தான் இங்க வாரோம்."

தாடி

சாமுவேல் சார் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைப் பெட்டிக் கட்சி. ஒரு சண்டை விளையாட்டின் கதாநாயகனுக்கு இரண்டாம் பாகத்தில் தாடி எப்படி இருந்தது, மூன்றாம் பாகத்தில் எப்படி இருக்கிறது என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். எதிராளிகள் அவனை வெட்ட வருவார்கள், சார் கவனிக்க மாட்டார். கதாநாயகன் செத்து விழுவான். "இப்ப பாருங்க, படுத்துட்டான். தாடி ஒரு பக்கமா சரியுது. ஒவ்வொரு முடியும் தனித்தனியா!" என்பார்.

கருப்புப் பெட்டிக் கட்சியைச் சேர்ந்த ஒருவருக்குப் பொறுக்கவில்லை. சாருடைய தலையில் ட்யூப்லைட் வெளிச்சம் பளபளத்துக்கொண்டிருந்ததை ஒருமுறை பார்த்துவிட்டு, "சார், முடியைப் பத்தி நீங்க பேசலாமா?" என்று கேட்டேவிட்டார். சார் கோபப்படவில்லை.

"தம்பி, இருக்கிறவன் சீப்பை எடுத்துச் சீவிட்டுப் போயிருவான். இல்லாதவன்தான் எண்ணிப் பாப்பான்."

முப்பதும் அறுபதும்

ஒரு நொடிக்கு முப்பது படம் ஓடினால் மட்டம், அறுபது ஓடினால் உசத்தி என்று ஒரு கணக்கு இருக்கிறது. இதை எனக்குப் புரியவைக்க இரண்டு கட்சிகளும் சேர்ந்து பாடுபட்டிருக்கின்றன. "கண்ணைச் சிமிட்டாமப் பாருங்கண்ணே" என்பார்கள். பார்ப்பேன். கண்ணில் தண்ணீர் வரும். "தெரியுதா?" என்பார்கள். தலையை ஆட்டுவேன், மேலும் கீழுமா பக்கவாட்டிலா என்று யாராலும் சொல்ல முடியாதபடி. இந்தத் தலையாட்டல்தான் என் தொழில் மூலதனம். ஒரு பக்கம் சாய்ந்தேன் என்றால் பாதிக் கடை காலி.

என் மனைவி உயிரோடு இருந்தபோது சாயங்காலம் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகிற வழியில் ஒரு நிமிடம் திரையைப் பார்த்து நிற்பாள். அப்படி நின்ற ஒருநாள் கார் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. பாண்டி அவளிடமும் முப்பது, அறுபது பாடத்தை ஆரம்பித்தான். பொறுமையாகக் கேட்டாள். அந்தக் கார்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவதையும் பார்த்தாள்.

"சரி தம்பி, இம்புட்டு வேகமாப் போயி எல்லாரும் கெளம்பின எடத்துக்குத்தானே வாராங்க?"

வருஷா வருஷம்

ஒரு கால்பந்து விளையாட்டு உண்டு. ஆண்டுதோறும் புதிதாக வரும். அதே மைதானம், அதே பந்து, அதே கூச்சல்; சட்டையின் நிறம் மட்டும் மாறியிருக்கும். அதையும் முதல் நாளே வாங்கி வை என்று கடையில் தர்ணா நடக்கும். "போன வருஷத்து விளையாட்டுக்கும் இதுக்கும் என்னப்பா வித்தியாசம்?" என்று நான் கேட்டபோது, கருப்புப் பெட்டிக் கட்சிக்கும் வெள்ளைப் பெட்டிக் கட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் ஒருவர் முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"பொங்கலும்தான் வருஷா வருஷம் அதே அரிசி, அதே வெல்லம். வைக்காம விட்டுர்றீங்களாண்ணே?"

மாமன் சீர்

விளையாட வீடு போதும் என்ற பாண்டியின் வீட்டில் உண்மையில் கேம் பெட்டியே இல்லை; ஒன்று வேண்டும். மனைவி செல்வி கூடாது என்றுவிட்டாள். அப்போதுதான் அவனுடைய ஒரு வயது மகளுக்குக் காதுகுத்துக்கு நாள் குறித்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும், அவர் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். செல்விக்கு அண்ணன்கள் இரண்டு பேர், பெரியவர் பேரையூரில் பருத்தி விவசாயம், சின்னவர் சமயநல்லூரில் லாரிப் பட்டறை. ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் யாருக்கு முதலில் இலை போட்டார்கள் என்பதில் மனஸ்தாபம் வந்து, பல வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. பேச்சு இல்லாத அந்த இடைவெளிக்குள்தான் பாண்டி புகுந்தான். பெரியவரிடம் தனியாக, "பிள்ளைக்கு வெள்ளைப் பெட்டி ஒண்ணு செஞ்சா நல்லாருக்கும் மச்சான்" என்றான். சின்னவரிடம் தனியாக, கருப்பு. கேட்டால் ஒருவராவது வாங்கித் தருவாரே என்ற கணக்கு. இருவருமே சம்மதித்துவிட்டார்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டும் என்று பேரையூர்க்காரர் ஒருநாள் கடைக்கு வந்தார். வெள்ளைப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, கன்றுக்குட்டியை எடைபார்ப்பது போல அசைத்துப் பார்த்தார். கனம் போதும், சபையில் தூக்கி வரும்போது எடுப்பாக இருக்கும் என்றார். மறுவாரம் சமயநல்லூர்க்காரர் வந்தார். கருப்புப் பெட்டியின் பின்பக்கம், சூடு வெளியே வரும் ஓட்டையில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். விளையாட்டு ஓடுவதை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூச்சு நல்லா விடுது. பத்து வருஷம் ஓடும்ணே, எஞ்சின் வேலையே வராது."

ஒத்துக்கொண்ட விஷயம்

ரகசியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒருவர் வெள்ளை வாங்கியது இன்னொருவருக்குத் தெரிந்துபோயிற்று. என் பெட்டிதான் உசத்தி, என் மடியில்தான் பிள்ளை என்று பேரையூரிலிருந்து ஒரு போன். அப்படியானால் நான் வரவே மாட்டேன் என்று சமயநல்லூரிலிருந்து ஒரு போன். இரண்டும் செல்விக்குத்தான்.

மாடிப்படி ஏறி அவள் கடைக்கே வந்துவிட்டாள். இடுப்பில் பிள்ளை. பிள்ளை கல்லாவில் கிடந்த கன்ட்ரோலரை எடுத்து வாயில் வைத்து ஈறால் கடித்தது. "பிள்ளைக்கு இதுதாண்ணே உபயோகம்" என்றாள் செல்வி. பிறகு உட்கார்ந்தாள். "எனக்குப் பெட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். எங்கண்ணனுக ரெண்டு பேரும் ஒரே போட்டோவுல நிக்கணும். கடைசியா அப்படி நின்னது என் கல்யாணத்துல. ஒருத்தர் கோவிச்சுட்டுப் போனா இனி சாவுக்குத்தான் சேந்து வருவாங்க." மூலையில் இருந்த பாண்டி கதாநாயகனை ஓடவும் விடாமல் நிறுத்தவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான். நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன்.

"மண்டபத்துல ரெண்டு பெட்டியையும் ஓடவிட்டு, எது நல்லாருக்குன்னு நீங்கதான் சொல்லணுமாம், செயிச்சவர் மடியிலதான் பிள்ளையாம். நீங்க சொன்னா ரெண்டு பேருக்கும் சம்மதமாம். இத்தனை வருஷத்துல அவங்க ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் அதாண்ணே."

கிளி

மண்டபத்துக்கு இரண்டு சீரும் இரண்டு பக்கமிருந்து மேளத்தோடு வந்தன. தேங்காய், பழம், பட்டுப்பாவாடை, நடுத்தட்டில் பெட்டி. பெட்டிக்கு மாலை. வெள்ளைக்கு யாரோ ஒரு புண்ணியவான் சந்தனம் பூசியிருந்தார், நேராகக் காற்று ஓட்டையின் மேல். எனக்கு உயிர் போய்விட்டது. இரண்டு பெட்டியையும் மேடைத் திரைக்குப் பின்னால் தூக்கிப்போய், ஊக்கு வாங்கிச் சந்தனத்தை ஒவ்வொரு ஓட்டையாகக் குடைந்துகொண்டிருந்தேன். சந்தனம் முழுக்க வரும்வரை தீர்ப்பு சொல்ல வேண்டாமே என்று ஒரு நிம்மதியும் இருந்தது.

அதற்குள் மேடையில் கூச்சல். எட்டிப் பார்த்தேன். பந்தல்காரர் வாடகைக்குக் கொண்டுவந்த இரண்டு புது டிவிகளையும் போட்டுவிட்டிருந்தார். அருவி கொட்டுகிறது, பப்பாளிப் பழத்தை அறுக்கிறார்கள், பச்சைக்கிளி ஒன்று சிறகு விரிக்கிறது. இரண்டிலும் அதே படம், பேரையூர்க்காரர்கள் இருந்த இடது பக்க டிவியில் மட்டும் கொஞ்சம் முந்தி. "எங்க கிளி மொதல்ல பறந்துருச்சு, பாத்தீகளா! இதான் வேகம்!" என்று பேரையூர் சனம் விசிலடித்தது. "அது பயந்த கிளி. எங்க கிளியைப் பாரு, என்னா நிதானம்!" என்றது சமயநல்லூர். என் கடைக் கட்சிகள் இரண்டும் சாப்பாட்டை மறந்து முன்வரிசையில் நின்றன. சாமுவேல் சார் திரைக்கு மூக்கை ஒட்டவைத்துக் கிளியின் இறகை எண்ணிக்கொண்டிருந்தார். எந்தக் கட்சியிலும் சேராத ஆட்டோக்காரர்கூடப் பப்பாளி விதையைக் காட்டி, எண்ணெய் மினுமினுப்பு வெள்ளையில் வராது என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். நடுவில் பிள்ளையோடு செல்வி, கண்ணில் முட்டிக்கொண்டு நிற்கும் தண்ணீரோடு என்னைப் பார்த்தாள்.

"தீர்ப்புச் சொல்லுங்கண்ணே!" என்று எல்லோரும் கத்தினார்கள். என் தலையாட்டல் அங்கே எடுபடாது. தோள்பையில் கைவிட்டு இரண்டு கேபிளையும் எடுத்துக் காட்டினேன். "இன்னும் மாட்டலை. பெட்டி ரெண்டும் உள்ள இருக்கு. இது டிவிக் கடையில சும்மா ஓடுற படம்" என்றேன். மேளம் நின்றது. கிளி மட்டும் மறுபடி பறந்தது, முதலில் இடது பக்கம், அப்புறம் வலது பக்கம்.

மாப்ள

பேரையூர்க்காரர் டிவியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தம்பியும் அவரைப் பார்த்தார். ஊர் முன்னால் இரண்டு பேரும் ஒரே அளவு அசடு வழிந்து நின்றார்கள். கோபத்தை யார் மேலாவது இறக்கியாக வேண்டும். பெரியவர் திரும்பினார். "மாப்ள, வெள்ளைன்னு எங்கிட்டச் சொன்னது நீதானே?" பாண்டி பந்தி பக்கமாக ஒரு அடி வைத்தான். சின்னவர் வழியை மறித்தார். "எங்கிட்டக் கருப்புன்னு சொன்னதும் இவருதாண்ணே!" அந்த 'அண்ணே'யைச் சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பெரியவர் மீசையைத் தடவினார். "ஆளு உன்னையும் ஏமாத்திட்டானாடா?" என்றார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பாண்டியின் இரு தோளிலும் கைபோட்டு மண்டபத்தின் பின்பக்கமாக அழைத்துப் போனார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பாசம் மாதிரியே இருந்தது.

திரும்பி வந்தும் மடி விவகாரம் மிச்சமிருந்தது. நீ உட்கார், இல்லை நீங்க உட்காருங்க என்று இப்போது மரியாதையில் இழுபறி. ஊசியோடு காத்திருந்த ஆசாரிக்கு அடுத்த மண்டபத்திலும் வேலை இருந்தது.

"காது ரெண்டு, மாமன் ரெண்டு. இதுல கொறையுறது என்ன? பக்கத்துல பக்கத்துல உக்காருங்கய்யா."

சொந்தப் பெட்டி

அப்படியே நடந்தது. வலது காது பெரியவர் மடியில், இடது காது சின்னவர் மடியில். பிள்ளை இரண்டு காதுக்கும் ஒரே சத்தத்தில்தான் அழுதது. வலது காதுக்குக் கொஞ்சம் கூடுதல் என்று பேரையூர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் ஒரு பிரதியைச் செல்வி என் கடைக்கும் கொடுத்தாள். பின்னால் டிவியில் பாதிக் கிளி தெரியும்.

கூடவே இரண்டு பெட்டியையும் கொண்டுவந்து இறக்கினாள். மகள் வளர்ந்து தானாகக் கேட்கும்வரை இங்கேயே இருக்கட்டும், யார் வேண்டுமானாலும் ஆடட்டும், அவள் வீட்டுக்காரர் ஆடினால் மட்டும் காசு வாங்கிவிட வேண்டும் என்று கட்டளை. ஆகவே பாண்டி இப்போது மணிக்குக் காசு கொடுத்துத் தன் சொந்தப் பெட்டியில் ஆடுகிறான். ஊரிலிருந்து மாமன்மார் மதுரைக்கு வந்தால் சேர்ந்தே மாடியேறி வருகிறார்கள். ஒருவர் தூக்கிப் பார்க்கிறார், ஒருவர் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். போன வாரம் பாண்டி ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கல்லா பக்கம் வந்தான். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, எதுலயும் திருப்தி இல்லண்ணே. அந்தக் கிளி ஓடுச்சுல்ல, அது எந்தப் பெட்டிக்கு வருதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்களேன்."

இத்தனை வருடத்தில் இந்தத் தொழில் எனக்குக் கற்றுத்தந்தது இவ்வளவுதான்: கரண்ட் இல்லாமல் பெட்டி ஓடாது, கேபிள் இல்லாமல் படம் வராது, சண்டை மட்டும் எதையும் மாட்டாமலே ஒரு நொடிக்கு அறுபதில் ஓடும்.