அண்ணியின் குழாய்க் கணக்கு

உயிரோடிருந்தவரை அண்ணி எந்தக் கணக்கிலும் படி தாண்டியதில்லை. ஒரு வரிக்கு ஒரு வேலைதான். கல்லூரியில் கணிதம் படித்த நாத்தனார் மூன்று வரிகளை ஒன்றாகச் சுருக்கிக் காட்டினால், "என்னம்மா அவசரம்? பஸ்ஸா போயிடப் போகுது?" என்பாள்.

அண்ணி வேலை பார்த்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மேற்பார்வையாளர் பதவி காத்திருந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கில் தேறினால்தான் கிடைக்கும். ஏற்கெனவே இருமுறை கோட்டைவிட்டிருந்தாள். இந்த முறையும் விட்டால் வெளியாள் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்.

மற்றதெல்லாம் பிடிபட்டது. சமக்குறியைத் தாண்டும் எண்ணுக்குக் குறி மாறும் என்பதைக்கூட, "செருப்பு மாதிரி. வெளிய போனா மாட்டணும், உள்ள வந்தா கழட்டணும்" என்று முணுமுணுத்தே பழகிக்கொண்டாள். குழாய்க் கணக்கில்தான் வண்டி நின்றது.

ஒரு குழாய் தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும். இன்னொன்று மூன்று மணி நேரத்தில். இரண்டையும் சேர்த்துத் திறந்தால்?

"ஒரு மணி நேரத்துல முதல் குழாய் ஆறில் ஒரு பங்கு நிரப்பும். அடுத்தது மூணில் ஒரு பங்கு. கூட்டினா பாதித் தொட்டி. அப்போ முழுசுக்கு ரெண்டு மணி நேரம், அண்ணி."

"நடக்காத கதை."

"எது?"

"எங்க சலவைக்கூடத்துல வந்து பாரு. ரெண்டையும் திறந்தா ரெண்டுலயும் நூல் மாதிரிதான் வரும்."

நாத்தனாருக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. "அண்ணா, நீயாவது சொல்லேன்!"

குழாய் வேலை பார்க்கும் அண்ணன் சுவரில் சாய்ந்து சிரித்தான். "என்னை ஏன் வம்புல இழுக்கிற? அவ சொல்றது நெசந்தான். அங்க ரெண்டுக்கும் ஒரே லைன்."

அப்போதுதான் நாத்தனாருக்கு விளங்கியது. முந்தைய தேர்வுகளில் அண்ணி வழி தெரியாமல் தவறவில்லை. வந்த விடையை நம்ப மனமில்லாமல் அடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"கணக்குல ரெண்டுக்கும் தனித்தனி லைன்னு வெச்சுக்கோங்க, அண்ணி."

"அதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

தேர்வில் அதே மாதிரி ஒரு கணக்கு வந்தது. அண்ணி எழுதிய முதல் வரி: 'இரு குழாய்களுக்கும் தனித்தனி இணைப்பு உள்ளது என்க.' பிறகு ஒவ்வொரு வரியாக இறங்கி விடையைத் தொட்டாள். வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். முடிவு வந்த அன்று அதே கையால் அண்ணியை இறுகக் கட்டிக்கொண்டாள்.

மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அண்ணி மேலிடத்தில் நச்சரித்துச் செய்யவைத்த முதல் வேலை, இரண்டாவது குழாய்க்குத் தனி லைன். அண்ணன்தான் போட்டுக் கொடுத்தான்.

போன வாரம், அண்ணி விட்டுச்சென்ற பொருள்களை எடுத்துவர நாத்தனார் அங்கே போனாள். சலவைக்காரப் பெண் ஒருத்தி காலித் தொட்டியின் இரண்டு குழாய்களையும் திறந்துவிட்டாள்.

"உங்க அண்ணி போட வெச்சது. மளமளன்னு நெறஞ்சிடும். இருந்து பாத்துட்டுப் போங்க."

இரண்டிலும் தண்ணீர் கைப் பருமனுக்கு விழுந்தது. நாத்தனார் பையைக் கீழே வைத்துவிட்டு, தொட்டி நிறையும்வரை நின்று பார்த்தாள்.