தமிழ் மேசையின் இரண்டாவது வாக்கியம்

பிறர் பேசுவதைத் திருத்தி எழுதுவதுதான் என் பிழைப்பு. மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லிக்கொள்வேன். யாராவது தட்டுத் தடுமாறிச் சொன்னதை வாங்கி, இஸ்திரி போட்டு, மேடையில் வாசிக்கும்படி கொடுத்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நீடித்த நிலைத்தன்மையுள்ள வளர்ச்சியில் நாடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று உலகத்துக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. அதற்காக மக்களையும் கடைக்காரர்களையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். ஒரு சனிக்கிழமை மதியம், லிட்டில் இந்தியா பக்கத்தில் ஒரு மண்டபம். பல மேசைகளில் ஒன்று தமிழ் மேசை, அதற்குக் குறிப்பெடுப்பவள் நான். எங்களுக்கெல்லாம் அங்கே 'பங்காளிகள்' என்று பெயர். எங்கள் குடும்பத்தில் பங்காளி என்றால் கோர்ட்டுக்குப் போனவர்கள்தான் ஞாபகம் வரும், அதனால் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கூட்டத்தை நடத்திய இளம் அதிகாரி ஒரே ஒரு விதி சொன்னார்: மேசைக்கு மூன்று வாக்கியம், அதற்கு மேல் கூடாது.

என் மேசையில் முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் மசாலாக் கடை வைத்திருக்கும் பாய். இன்னொருவர் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பாத்திரம் கழுவும் அக்கா. பிடோக்கிலிருந்து வருகிறவர். அழைப்பு அவருடைய முதலாளிக்குத்தான் போயிருக்கிறது. சாப்பாட்டுக் கழிவை உரமாக்கும் மெஷின் வாங்கி வைத்ததற்காக அவரை முன்மாதிரிப் பங்காளி என்று கூப்பிட்டிருந்தார்கள். அவருக்கு நேரமில்லை, அக்காவை அனுப்பிவிட்டார். அக்கா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பாய் பிளாஸ்டிக் பையைப் பற்றி நிறையப் பேசினார். அக்கா வாயே திறக்கவில்லை. நீங்களும் ஏதாவது சொல்லுங்கள் என்று நான் கேட்ட பிறகுதான், மெதுவாகச் சொன்னார்: "சாப்பிட்டு முடிச்சிட்டு இலைய மடிக்காம எந்திரிச்சா போதும்மா."

பாய் சிரித்துவிட்டார். "என்ன தங்கச்சி இது? இலைய மடிக்கலன்னா சாப்பாடு புடிக்கலன்னு அர்த்தமாயிடும்லா!" நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அக்கா விளக்கினார். அந்த மெஷினுக்கு இலை ஆகாது, முள் ஆகாது. மடித்த இலை ஒவ்வொன்றையும் அவர்தான் பிரித்து, உள்ளே கிடக்கும் மீன் முள்ளைக் கையால் பொறுக்க வேண்டும். "விரிச்சுக் கெடந்தா கண்ணுக்குத் தெரியும். மடிச்சிருந்தா கை விட்டுத்தான் பாக்கணும். கிளவுஸையும் தாண்டி ஏறிடுது." வலது பெருவிரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. பழுத்து இரண்டு தடவை டாக்டரிடம் போய் வந்தாராம். கை போனால் வேலையும் போய்விடும் என்றார்.

நான் எழுதிய இரண்டாவது வாக்கியம் இது: 'உணவுக் கழிவைப் பிரித்தெடுப்பது குறித்து வாடிக்கையாளரிடையே விழிப்புணர்வை மேம்படுத்தப் பங்காளிகள் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும்.' அதிகாரி சூப்பர் என்று பாராட்டினார். என் வீடு இருக்கும் பொங்கோலில் ரயிலை விட்டு இறங்கும்வரை எனக்குக் கால் தரையில் படவில்லை.

மறுவாரம், மேசையில் இருந்த எல்லாரிடமும் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். அக்காவைத் தேடிக் கடைக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். பசியும் இருந்தது. மீன் சாப்பாடு சொல்லி, வயிறு நிறையச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்தபோது அக்காவே என் இலையை எடுக்க வந்திருந்தார். இலை அழகாக, இரண்டாக மடிந்து கிடந்தது. மடித்தது நான்தான். மடித்ததுகூட எனக்கு நினைவில்லை.

அக்கா அதைப் பிரித்தார். நடு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு ரசத்தில் ஊறிய சோற்றுக்குள் விரல் விட்டுச் சின்ன முட்களைத் தேடினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"பரவால்லம்மா. நல்லா சாப்ட்டீங்கன்னுதானே மடிச்சீங்க" என்றார்.

தாளை நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு நிதானமாக வாசித்தார். "இதுல எலை எங்கம்மா?" என்று கேட்டார். இரண்டாவது வாக்கியத்தைத் தொட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை வாசித்தார். நீங்கள் சொன்னபடியே மாற்றி எழுதட்டுமா என்றேன். முதலாளி உட்கார்ந்திருந்த கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "வேணாம்மா. இப்படியே இருக்கட்டும். இதுல யாரு மேலயும் குத்தம் இல்ல பாருங்க."

கையெழுத்துப் போட்டார். நான் வாங்கிக்கொண்டு வந்து அனுப்பினேன். அவரே ஒத்துக்கொண்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. யார் மேலும் குற்றம் வராத, யார் கைக்கும் உதவாத வாக்கியத்தை எழுதுவதில் நான் கெட்டிக்காரி என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அறிக்கை வெளிவந்தது. என் வாக்கியம் ஏறக்குறைய முழுசாக, ஆங்கிலத்தில், நல்ல தாளில். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு அக்காவுக்குக் கொடுக்கப் போனேன். அதே மீன் சாப்பாடு. இந்த முறை முள்ளையெல்லாம் ஓரமாகச் சேர்த்து வைத்து, இலையை விரித்தபடியே விட்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ வருடப் பழக்கம், கை பரபரத்தது.

முதலாளி பார்த்துவிட்டார். மேசைக்கே வந்து, "என்னக்கா, சாப்பாடு சரியில்லையா?" என்றார். அருமையாக இருந்தது என்றேன். அப்படியென்றால் மறந்திருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து மரியாதையாக என் இலையைத் தன் கையாலேயே மடித்து வைத்தார். நான் அதைத் திரும்பப் பிரித்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏங்க?" என்றார் அவர். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

என் வாயில் வாக்கியம் தயாராக இருந்தது. வாடிக்கையாளர், விழிப்புணர்வு, ஒருங்கிணைந்து. அவருக்குப் பின்னால் அக்கா டிரேயோடு நின்றுகொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்லி அது அவர் வேலைக்கு வினையாக முடிந்தால் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா டிரேயைக் கீழே வைத்தார்.

"முள்ளு, பாஸ். மடிச்சா தெரிய மாட்டேங்குது. கையில ஏறுது." பெருவிரலை நீட்டினார்.

முதலாளி அந்த விரலையே பார்த்தார். "எத்தனை நாளா?"

"மெஷின் வந்ததுலேர்ந்து."