அக்காவின் முகமும் துணி சோப்பும்

அக்காவுக்கு முதலில் உரிந்தது மூக்கின் இரண்டு பக்கமும். பிறகு கன்னம், தாடை, புருவத்துக்கு மேலே. சிவந்த தோலின் மேல் வெள்ளைச் செதில், செதிலின் மேல் பவுடர். சிரித்தால் வாயோரம் வெடித்தது. அதனால் சிரிப்பு வரும்போதெல்லாம் உள்ளங்கையால் கன்னத்தை அழுத்திக்கொள்வாள்.

தெருவில் எல்லோரும் கடலோடு கலக்கும் எங்கள் ஏரியைத்தான் காரணமாகச் சொன்னார்கள். உப்புத் தண்ணீர், உப்புக் காற்று. எங்கள் ஊரில் கதவுக் கீல் துருப்பிடித்தாலும் உப்பு, குழந்தைக்கு இருமல் வந்தாலும் உப்பு. ஆனால் அதே தண்ணீரில் அவளோடு இறங்குகிற மாமாவின் முகம் கறுத்திருந்ததே தவிர எங்கும் உரியவில்லை. இருவரும் ஒரே வேலைதான் செய்தார்கள். மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். பறி கன்னத்திலும் தாடையிலும் உரசிக்கொண்டே இருக்கும். இறால் வாடை முதலில் ஏறுவது முகத்தில்.

மாமா கரையேறினால் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார். அக்கா மீஞ்சூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அங்கே ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை.

நான் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் குழாயடியில் அவள் முகம் கழுவுவதைப் பார்த்தேன். துணி சோப்பு. பாத்திரம் தேய்க்கிற நார். கடைசியில் பிழிந்த எலுமிச்சை மூடி.

"இன்னாக்கா, அது மூஞ்சியா, கரி புடிச்ச குண்டானா?"

"குண்டான் நாறுனா பக்கத்துல குந்துனவ எய்ந்து போமாட்டாடி."

பஸ்ஸில் எழுந்து போனார்களாம். கம்பெனியில் சூப்பர்வைசர் அம்மாள் எல்லோர் முன்னாலும், "மீன் கூடையாட்டம் உள்ள வராதம்மா" என்றாளாம். அதே அம்மாள்தான் சனிக்கிழமைகளில் போன் செய்து, "நல்ல பெருசா பாத்து ரெண்டு கிலோ எடுத்து வையி" என்பாள். அந்த இறாலை எடுத்த கை அவளுக்கு நாறாது. முகம் மட்டும் நாறும்.

அக்காவை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தோல் டாக்டர் அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுல கழுவுறே?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. சொன்னாள். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசிக்கொண்டிருந்த ட்யூபையும் காட்டினாள். டாக்டர் அதை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"சோப்பு, எலுமிச்சை, பவுடர், எதுவும் கூடாது. பச்சத் தண்ணியில கழுவு. தேய்க்காம துணியால ஒத்தி எடு. ஈரம் காயறதுக்குள்ள வாஸ்லின் தடவு. அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் அக்கா, "அதத் தடவுனா வாட போவுமா?" என்றாள்.

பொங்கலுக்குக் கம்பெனி லீவு. சொன்னபடியே செய்தாள். முதல் நாள் எரிச்சல் அடங்கியது. பிறகு செதில் உதிர்ந்து, சிவப்பு வெளிறி, அடியில் அவளுடைய சொந்த நிறம் தெரிந்தது. மாமாவின் கிண்டலுக்குக் கன்னத்தைப் பிடிக்காமல் சிரித்தாள்.

லீவு முடிந்த காலை மறுபடி சோப்பை எடுத்தாள். நான் பிடுங்கினேன்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"டாக்டரு வந்து எம்பக்கத்துல குந்துவாரா? குட்றீ."

தேய்த்தாள். நாரின் சத்தம் எனக்குக் கேட்டது. ஆறியிருந்த கன்னம் கண்ணெதிரே சிவந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளையே திட்டினேன். வேறு யாரும் அங்கே இல்லை, திட்டுவதற்கு.

அன்று நானும் அவளோடு பஸ் ஏறினேன். அவள் மேல் துணி சோப்பு வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். திருப்பாலைவனத்தில் ஏறிய ஒரு பெண் எங்கள் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கூட்டத்தைப் பற்றி, வெயிலைப் பற்றி அக்காவிடம் நன்றாகத்தான் பேசினாள். பிறகு, "எந்த ஊரு நீங்க?" என்றாள். அக்கா எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னாள்.

பதிலைக் கேட்ட பிறகுதான் முந்தானை மூக்குக்குப் போனது. அடுத்த நிறுத்தத்தில் எழுந்து முன்னால் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் எழப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இன்னாத்துக்கு இப்போ?"

"உம்மேல இன்னாக்கா நாறுது?"

அவள் புறங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். எடுத்து மோந்தாள். மீஞ்சூர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் கரையேறிக் குழாயடிக்கு வந்தவள் வெறும் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டாள். பழைய பருத்தித் துண்டால் கண், மூக்கு, தாடை என்று ஒத்தினாள்.

"தேய்ச்சாலும் மூடுறாளுங்க, தேய்க்கலன்னாலும் மூடுறாளுங்க. நான் இன்னாத்துக்கு என் தோல உரிச்சிக்கணும்?"

அந்த வாரமே சூப்பர்வைசர் அம்மாள் அவளை ஆபீஸ் கூடத்திலிருந்து பின்பக்கக் கழிவறைகளுக்கு மாற்றினாள். காரணம் சொல்லவில்லை. சனிக்கிழமை வழக்கம்போல போன் வந்தது. அக்கா எடுத்து, "இறாலு இருக்குது மேடம். ஏரிக்கரைக்கு வந்து வாங்கிக்கினு போங்க, மூக்கோட" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு வாஸ்லின் டப்பாவைத் திறந்து, ஈரம் காய்வதற்குள் தடவ ஆரம்பித்தாள்.