செல்லக்கனி அக்கா நிறுத்திய பாட்டு

செய்தி வந்தபோது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி மேடையில் மைக் பொருத்திக்கொண்டிருந்தேன். மதியம் அங்கே பாட வேண்டிய செல்லக்கனி அக்கா, காலையிலேயே மாரடைப்பில் போய்விட்டார். பொருத்திய மைக்கைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.

சினிமாப் பக்கம் போகாமல், தானே பாட்டுக் கட்டி, உடுக்கோடு ஊர் ஊராகப் பாடியவர் அவர். அவருடைய நான்கு ஆல்பங்களையும் பதிவு செய்தவன் நான். அவரை அறிந்த நீங்கள் எல்லாரும் இப்போது என்னிடம் கேட்பது ஒன்றுதான்: கடைசி ஆல்பத்தில் வந்த அன்றே காணாமல் போன ஆற்றுப் பாட்டு எங்கே? சொல்லிவிடுகிறேன். அதைக் கெடுத்த புண்ணியவான் நானேதான்.

அக்காவிடம் ஒரு கறாரான வழக்கம் இருந்தது. "யாரப் பத்துன பாட்டோ, அவுக காதுலதாம்லே மொதல்ல விழணும். வேண்டாம்னுட்டா வேண்டாம்தான்" என்பார்.

அந்தப் பாட்டு ஆழ்வார்திருநகரி முத்துலட்சுமி அம்மாவின் கணவரைப் பற்றியது. குளிக்கப் போனவர், மணல் அள்ளிய குழியில் சிக்கி ஆற்றோடு போனார். பாட்டில் அவர் பெயரே வரும். வெளியூர் போயிருந்த அந்த அம்மா ஊர் திரும்பும் நாளில் மதியமே பாடிக் காட்டுவது, சம்மதித்தால் மாலை ஆறு மணிக்கு ஆல்பத்தை இணையத்தில் வெளியிடுவது என்று ஏற்பாடு. நான் முந்திரிக்கொட்டை. முந்தின நாளே ஆறு மணிக்குத் தானாக வெளியாகும்படி கணினியில் அமைத்துவிட்டேன்.

அன்று காலை திருச்செந்தூரில் தொடங்கிய கச்சேரி இழுத்துக்கொண்டே போனது. பஸ் ஏறும்போது மணி ஐந்து. பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. செல்போனில் நிறுத்தப் பார்த்தேன்; ஸ்டுடியோ கணினியில்தான் முடியும் போல. பக்கத்தில் அக்கா கண்ணை மூடி வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சொல்லப் பயமாக இருந்தது. ஆறு மணிக்குள் பாடி முடித்துவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

முத்துலட்சுமி அம்மா வீட்டுக்குள் நுழையும்போது ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அந்த அம்மா காப்பி தந்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அக்கா முதல் சரணத்தை முடித்து மூச்சு வாங்கினார். அப்போது அடுத்த வீட்டுச் செல்போனில் அதே பாட்டு, அதே குரல், கணவரின் பெயர்.

முத்துலட்சுமி அம்மா கேட்டார்: "எனக்குப் பாடிக் காட்ட வந்தீயளா, ஊருக்கெல்லாம் பாடிட்டு வந்தீயளா?"

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். உடுக்கைக் கீழே வைத்தார். "தப்பு எம்மேலதான் தாயி. இப்பமே எடுத்திருதோம்" என்றார். என் பெயரை அவர் சொல்லவே இல்லை. நண்பர் ஒருவரை ஸ்டுடியோவுக்கு ஓடச் செய்து, பாட்டை எடுத்தாயிற்று என்று தகவல் வரும்வரை அக்கா அந்த வீட்டிலேயே நின்றார்.

திரும்பும் வழியில் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நான் கட்டுனதுலயே நல்ல பாட்டுலே அது" என்று மட்டும் சொன்னார்.

அக்கா இறந்த மூன்றாம் நாள் முத்துலட்சுமி அம்மா என் ஸ்டுடியோவுக்கு வந்தார். "அன்னைக்குப் பாதிதான கேட்டேன். மீதியப் போடுங்க" என்றார். போட்டேன். முழுதும் கேட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். இனி வெளியிடச் சொல்லிவிடுவார் என்று நம்பினேன், உண்மையில் ஆசைப்பட்டேன்.

"நல்லாப் பாடிருக்கா. ஆனா ஊருக்கு வேண்டாம்யா" என்றார்.

"சரிம்மா" என்றேன். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, வேண்டாம் என்றவரிடம் மறுபேச்சில்லாமல் அவர் சொல்லும் அந்த 'சரி'தான். பாட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தயவுசெய்து இனி யாரும் கேட்காதீர்கள்.