பகுதி என்றொரு கட்டம்

பீமாராவுக்கு நாற்பத்தேழு வயது. செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில் ஒரு தனியார் பால் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் பார்க்கிறார். பால் ஊற்றுகிறவர்களின் விவரம் இருக்கும் டேபிள்களை உருவாக்கியதே அவர்தான். ஊருக்கு ஒரு டேபிள் என்றுதான் ஆரம்பித்தார். காலனிப் பாலுக்குத் தனிக் கேன் வைத்திருந்த பழைய முதலாளி, பெயர்களையும் தனியாக வைக்கச் சொன்னார். அதனால் ஒவ்வொரு ஊர்ப்பெயரோடும் ஒன்று, இரண்டு என்று எண் சேர்ந்தது. இரண்டு என்றால் காலனி. பீமாராவின் அம்மா காத்தாயியும் இரண்டில்தான்.

முதலாளி செத்து, கேன்களும் ஒன்றாகிப் பல வருஷம் ஆயிற்று. டேபிள்கள் மட்டும் அப்படியே கிடந்தன.

இந்தச் சித்திரையில் சாஃப்ட்வேரை மாற்ற சென்னையிலிருந்து ரஞ்சனி வந்தாள். டேபிள்களுக்குப் பெயர் வைக்கும் விதிகள் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினாள்.

"ஒரே வகை ஆளுக்கு ஒரே டேபிள்தான் அண்ணா. டேபிள் பேர்ல ஊரு, நம்பர் எதுவும் வரக்கூடாது. இந்த ரெண்டு எதுக்கு?"

"அது பழைய பழக்கம்மா."

"அப்ப எல்லாரையும் 'உற்பத்தியாளர்'னு ஒண்ணாப் போட்டுடலாம்."

முப்பத்தெட்டு ஊர், எழுபத்தாறு டேபிள். மூன்றே நாளில் சேர்த்து முடித்தார். அகர வரிசையில் பெரிய வீட்டுக் கமலாம்பாளுக்கு அடுத்து காத்தாயி வந்தாள். வீட்டில் மனைவி ரஞ்சிதத்திடம் அதைச் சொன்னார்.

"இதுக்கா இந்தச் சிரிப்பு? சோறு ஆறுது, சாப்புடு."

நாலாம் நாள் மேனேஜர் துரைக்கண்ணு திரையைப் பார்த்தார்.

"இன்னா பீமு, ஆபீஸ்லயே சமத்துவபுரம் கட்டிட்டியா? யாரு எந்தப் பக்கம்னு எப்டித் தெரியும்?"

"தெரிஞ்சி இன்னா சார் ஆவப்போவுது?"

"ஊர்ல பால் எடுக்க ஏஜென்ட் போடறப்போ பாக்க வேணாமா? ஊர்க்காரன் எங்கிட்டதான் வந்து நிப்பான்." ரஞ்சனி பக்கம் திரும்பினார். "மேடம், கூட ஒரு கட்டம் சேத்துடுங்க."

ரஞ்சனிக்கு அந்த இரண்டு அப்போதுதான் புரிந்தது. பீமாராவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "கட்டத்துக்கு ஒழுங்கா ஒரு பேர் வேணும் சார்."

"'பகுதி'ன்னு வைங்க. எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

விதிப்படி அந்தப் பெயரில் தப்பில்லை. சேர்த்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடு பீமு," என்று துரைக்கண்ணு போய்விட்டார்.

மகள் சுவாதி நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்; ஃபீஸ் இந்தச் சம்பளத்தில்தான். பீமாராவ் புதுக் கட்டத்தில் ஊர்த்தெரு ஆட்களுக்கு முதலில் நிரப்பினார். காலனி ஆட்களைத் தள்ளிக்கொண்டே வந்தார். நாலரை மணிக்கு அவர்கள் மட்டும் மீதி.

"நான் போடட்டுமாண்ணா?" என்றாள் ரஞ்சனி.

"வேணாம்மா. உனக்கு ஆளுங்களத் தெரியாது," என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.